சும்மாதாங்க

எங்கள் சலவைக்கூடத்தில் அதற்குப் பாட்டு என்று பெயர் கிடையாது. இழுப்பு என்போம். "இன்னைக்கு இழுப்பு யாரு?", "நேத்து அண்ணி போட்ட இழுப்பைக் கேட்டியா, சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு" என்றுதான் பேச்சு ஓடும். வெளியாள் காதில் விழுந்தால் இவர்களில் யாருக்கோ மூச்சுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு போவார். நினைக்கட்டும், எங்களுக்கென்ன.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் எங்கள் பிழைப்பு. ஓர் எந்திரத்துக்கே ஒரு நாளைக்கு நானூறுக்குக் குறையாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று துணியின் மூலையில் மை வைத்துக் குறி போடுகிறவன் நான். அந்த மை கொதிநீரில் போட்டாலும் போகாது, பிளீச்சில் மூன்று நாள் ஊறினாலும் போகாது. என் நகக்கண்ணிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகப் போகவில்லை. மைக்காரர் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

என் மேஜைக்கு ஆறடி தள்ளி மூன்றாம் எந்திரம். நீராவி ஏறிக் கொதிக்கிற இரும்பு உருளை, கட்டில் நீளத்துக்கு இருக்கும். ஈர விரிப்பின் ஒரு மூலையை ஒருத்தி, மறு மூலையை ஒருத்தி பிடித்து, உதறிச் சுருக்கம் எடுத்து, விளிம்பை உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுவிட வேண்டும். ஒருத்தி முந்தி விட்டால் துணி கோணிக்கொண்டு போய் மற்றவளின் விரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இதுதான் வேலை. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், நின்று பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாம் எந்திரத்தில் அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் சின்னவள். சின்னவள் அண்ணியின் நாத்தனார். சின்னவள் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த அம்மாள் கூடம் முழுவதற்கும் அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த எனக்கும் அண்ணிதான். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்கள் வேனை ஓட்டுகிறவர்தான் ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு அண்ணன். அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் நான் ஒண்டிக்கட்டையாக இருக்கிறேன். தரை மெல்லிசு. கீழே தும்மினால் மேலே நான் 'நூறு வயசு' என்பேன்.

இழுப்பில் இரண்டு அடி இருக்கும். அன்றைக்கு வாயில் வந்த ஊர்வம்பு எதுவானாலும் சரி, அண்ணி ஓர் அடி எடுத்துவிடுவாள், சின்னவள் மறு அடி போட்டு முடிப்பாள். அது முடிகிற இடத்தில் வால். அண்ணி 'எடு' என்பாள், சின்னவள் 'கொடு' என்பாள், பிறகு இரண்டு குரலும் சேர்ந்து 'விடு'. அந்த 'விடு'வில் நாலு கையும் விடும். அடுத்த விரிப்பு, அடுத்த வம்பு.

போன வருஷம் ஒரு அம்மா பதிவுக் கருவியோடு வந்தார்கள். தொழில் செய்கிறவர்களின் பாட்டுகளையெல்லாம் திரட்டிப் புத்தகம் போடுகிறார்களாம். நல்ல மாதிரி, யாரையும் வாடி போடி என்று பேசவில்லை. "இதுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டார்கள்.

"இழுப்பு" என்றாள் சின்னவள்.

"இழுப்பா? மூச்சிழுப்பு மாதிரியா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, "நாங்க இதை நாட்டுப்புறப் பாட்டுன்னு சொல்லுவோம்" என்றார்கள்.

"எந்த நாட்டுக்கு எந்தப் புறம்மா? நாங்க இருக்கிறது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி" என்றாள் அண்ணி. மறுபடியும் சிரிப்பு.

"சரி, இதை எதுக்குப் பாடறீங்க?"

ஒலிவாங்கியை மூஞ்சிக்கு நேரே நீட்டியதும் அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றுவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சும்மாதாங்க" என்றாள். "அலுப்புத் தெரியாம இருக்கத்தான். வேற என்ன."

புத்தகம் வந்தது. அண்ணியும் சின்னவளும் விரிப்பு பிடித்து நிற்கிற படம் ஒரு முழுப்பக்கம். அதன் ஓரத்தில் என் தோளும் பாதி மீசையும். அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தவன் நானே. படத்தைப் பார்த்த நாங்கள் யாரும் கீழே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. அது எங்களுக்காக எழுதப்பட்டது என்று தோன்றவே இல்லை.

இந்த வருஷம் புது மேலாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரிப் பெரியவர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள், இது என்ன கல்யாண வீடா என்று ஒரு நாள் கேட்டார். மறுநாள் மூன்றாம் எந்திரத்துக்கு மேலே பலகை தொங்கியது: 'வேலை நேரத்தில் பாடக் கூடாது.' மஞ்சள் பலகை, சிவப்புப் பெயிண்ட்.

பதினெட்டு நாள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, கண்ணாலேயே ஜாடை காட்டி, விளிம்பைக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் மதியம் அண்ணிக்குக் கண்ணில் நீராவி அடித்தது. கண்ணை மூடினாள், கை தானாக விட்டது. துணி கோணியது. சின்னவள் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. வலது கையில் மூன்று விரல், உள்ளங்கை வரைக்கும் தோல் வழன்றுவிட்டது.

நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். மேலாளர் கேட்டபோது, "குனிஞ்சு மை வெச்சுக்கிட்டிருந்தேன் சார், கவனிக்கல" என்றேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ரொட்டியும் நாலு முட்டையும் வாங்கிக்கொண்டு கீழே போனேன். கொடிக்கயிற்றில் காயாத துணிகள். சின்னவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கதவோரம் நின்று மழையைப் பார்த்தார். தரையில் ஒரு தாள், காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் உப்பு ஜாடி.

"என்ன தாள்?" என்றேன்.

"விபத்து அறிக்கை" என்றார் ஓட்டுநர். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு அவங்களே அடிச்சுக் கொடுத்துட்டாங்க. நாளைக்கு இவ கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"போட்டா வேலை போயிடும். போடலைன்னா, அப்ப முந்திக் கையை விட்டது யாரு, உங்க அண்ணிதானேன்னு அவளைப் பிடிப்பாங்களாம். ரெண்டுல ஒண்ணு யாருன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்கன்னு மேலாளர் சொல்லி அனுப்பியிருக்கார். நல்ல மனுஷன், சண்டையை எப்படிக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள தூக்கிப்போட்டான் பாருங்க."

"நானே போட்டுடறேன் அண்ணா" என்றாள் சின்னவள். "இடது கையாலதான் வரும். கோணலா இருந்தாப் பரவாயில்லையான்னு மட்டும் கேட்டு வைங்க."

"வாயை மூடிட்டுச் சோத்தைத் தின்னு" என்றாள் அண்ணி.

"ரெண்டையும் எப்படி அண்ணி ஒண்ணாச் செய்யறது?"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். "நான்தான் முந்தி விட்டேன். எனக்குத் தெரியும். கண்ணை மூடினேன், விட்டுட்டேன். உன் கையை நான்தான் உள்ள தள்ளினேன்" என்று சொல்லி, எச்சில் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க முந்தல அண்ணி. நான் பிந்தல. நடுவுல சொல்லு இல்ல, அவ்வளவுதான்" என்றாள் சின்னவள்.

"அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார் ஓட்டுநர். "கையெழுத்துதானே. போட்டுத் தொலைச்சா ஒரு ஆள் வேலையாவது மிஞ்சும்."

"கவனக்குறைவுன்னு எழுதின தாளோட இவ வெளிய போனா, இந்த ஊர்ல எந்தச் சலவைக்காரன் இவளை வாசப்படி ஏறவிடுவான்? பன்னெண்டு வருஷம் ஒரு நூல் பிசகாம நின்னவ. எனக்கு எதிர்ல வேற எவளையாவது நிறுத்தி நான் விரிப்புப் பிடிக்கணுமா? அந்த வேலை எனக்கு எதுக்கு மிஞ்சணும்?"

"நான் என்ன உனக்கு எதிரியா? ஏன் என்மேல பாயறே?"

"வேற யார் மேல பாயறது, மழை மேலயா?"

அவர் மறுபடியும் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பயந்த மனுஷன். நானும் பயந்தவன்தான், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அண்ணி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்ட படம் அங்கேதான் தொங்கியது. எழுந்துபோய்க் கழற்றி, புடவையில் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"மைக்காரரே, கீழ பொடியா எழுதியிருக்கே, அதைப் படிங்க."

படித்தேன். 'வேலையின் அலுப்புத் தெரியாதிருக்கத் தொழிலாளர் பாடும் நாட்டுப்புறப் பாடல். வழிவழியாக வருவது. வகை: பொழுதுபோக்கு.' அதன்கீழே இரண்டு அடி அச்சாகியிருந்தது:

மைக்காரன் மீசை கறுத்தது எப்படி
மைக்குள்ளே தோய்ச்சது போலிருக்கு

'மை என்பது இங்கே இருளைக் குறிக்கும்' என்று அடிக்குறிப்பு வேறு.

சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கை அதிர்ந்து "அம்மா" என்றாள், மறுபடியும் சிரித்தாள். வழிவழியாக வந்ததாம். அந்தப் பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் மீசைக்குச் சாயம் போட்டிருந்தேன்.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான்."

"வாலு எங்க? எடு, கொடு, விடு?"

"இல்லை. அச்சுல இல்லை."

"நல்லாப் பாருங்க."

"இருந்தாத்தானே பார்க்க. திரும்பத் திரும்ப வருதேன்னு வெட்டியிருப்பாங்க."

அண்ணி சட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சும்மாதாங்கன்னு சொன்னேனே நான்" என்று தனக்குள் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு உங்க மைக்குச்சியைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குறி போடத்தான்."

மறுநாள் காலை கண்ணாடி அறை. மேலாளர் நாற்காலியில், அண்ணியும் சின்னவளும் நின்றபடி. பக்கத்தில் இருந்தவன் என்று சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே வேன் இரைந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்குள் முதல் கட்டு ஏறியாக வேண்டும், அதனால் ஓட்டுநர் இஞ்சினை அணைப்பதே இல்லை.

"பேசி முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்றார் மேலாளர்.

"பண்ணிட்டோம்" என்றாள் அண்ணி. "காரணம் கட்டத்துல தப்பா எழுதியிருக்கு. பாட்டை நிறுத்தினதுதான் காரணம்."

அவர் சிரித்தார். இதற்குத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். "பாட்டுக்கும் எந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினார். அந்தப் புத்தகக்காரர்கள் வெளியிட்ட பதிவு. கூடத்தின் இரைச்சல், பிறகு அந்த அம்மாவின் குரல், 'இதை எதுக்குப் பாடறீங்க?' அப்புறம் அண்ணியின் குரல், வெட்கத்தில் குழைந்துகொண்டு: 'சும்மாதாங்க. அலுப்புத் தெரியாம இருக்கத்தான். வேற என்ன.'

போனை அணைத்தார். "உங்க குரல்தானே? படிச்சவங்களும் அப்படித்தான் எழுதியிருக்காங்க, பொழுதுபோக்குன்னு. நாட்டுப்புறப் பாட்டுன்னா எனக்கும் ரொம்பப் பிடிக்கும்மா. ஆண்டு விழாவுல மேடை போட்டுத் தர்றேன், தாராளமாப் பாடுங்க."

"மேடையில எந்திரம் இருக்குமா?" என்றாள் அண்ணி.

"என்னது?"

"சும்மான்னு சொன்னது நான்தாங்க. இல்லைங்கல. நாலு பேர் முன்னாடி ஒருத்தங்க வந்து கேட்டா, நாங்க சும்மான்னுதான் சொல்லுவோம். காய்ச்சலோட எழுந்து வந்து நிக்கும்போது என்ன மூஞ்சி வாடியிருக்குன்னு கேட்டாலும் சும்மாதான். விடியறதுக்கு முன்னாடி எழுந்து அத்தனை வேலையும் முடிச்சவளைப் போய் என்ன பண்றேன்னு கேட்டாலும் சும்மாதான் இருக்கேன்னு சொல்லுவா. உங்க வீட்டுல சொல்ல மாட்டாங்களா? சொன்னா அப்படியே நம்பிடுவீங்களா?"

மேலாளர் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். வீட்டில் சொல்லுவார்கள் போலிருக்கிறது.

"அந்தப் புத்தகத்துல பாட்டு இருக்கு, வாலு இல்ல. எடு, கொடு, விடு. அதுலதான் கை விடணும். நாலு கையும்."

"சரி. அப்படியே வெச்சுக்குவோம். அந்த மூணு வார்த்தையை மட்டும் சொல்லிக்க வேண்டியதுதானே? மேல எதுக்கு ஊர்வம்பு?"

கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் பதில் சின்னவளிடமிருந்து வந்தது.

"சார், வேலைக்கு வந்த புதுசுல நாங்களும் அப்படிச் செஞ்சு பார்த்தோம். வெறும் எடு கொடு விடு. நானூறு தடவை. மத்தியானத்துக்குள்ள வாய் அதுபாட்டுக்குச் சொல்லும், காது கேக்காது. அன்னைக்கு இவங்க விரல் சுட்டுச்சு, அண்ணி, காட்டுங்க." அண்ணி இடது கைச் சுண்டுவிரலைக் காட்டினாள். பழைய தழும்பு. "அடுத்து இவங்க என்ன சொல்லப்போறாங்கன்னு தெரியக் கூடாது சார். அப்பத்தான் காது முழிச்சிருக்கும். அதனாலதான் ஒவ்வொரு விரிப்புக்கும் புதுசு. இவரு மீசையைக்கூட விடறதில்ல. வழிவழியா வந்த பாட்டாம்! நேத்துப் போட்டதையே இன்னைக்குப் போட்டா எனக்குத் தூக்கம் வந்துடும்."

"இதெல்லாம் நிரூபிக்க முடியாதும்மா. ஒரு ஆளாவது பார்த்திருக்கணும்" என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார். "இவர்தான் கவனிக்கலைன்னு ஏற்கெனவே சொல்லிட்டாரே."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. சின்னவளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் தலையைக் குனிந்திருப்பேன். பார்க்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது.

"பார்த்தேன் சார்" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "முன்னாடி பொய் சொன்னேன். பன்னெண்டு வருஷமா அந்த ரெண்டு பேரையும் பார்க்கிறேன். பாட்டு இருந்த ஒரு நாள்ல ஒரு விரல் சுடல. பலகை மாட்டின பத்தொன்பதாம் நாள் சுட்டுச்சு. எழுதிக்கங்க. இல்ல, கொடுங்க, நானே எழுதறேன்."

"யோசிச்சுப் பேசுங்க. உங்களுக்கும் வேலை இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா யோசிச்சுட்டேன் சார்."

அண்ணி கையை நீட்டினாள். மைக்குச்சியைக் கொடுத்தேன். மேஜைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பதைக் குறுக்காக அடித்தாள். பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இழுப்பை நிறுத்தியது.' கீழே தன் பெயரை எழுதினாள். சின்னவள் இடது கையால், கோணலாக, நாக்கைத் துருத்திக்கொண்டு தன் பெயரை எழுதினாள். மூன்றாவதாக நான்.

"இந்தத் தாளை நான் அனுப்ப மாட்டேன். வேற தாள் அடிப்பேன்" என்றார் மேலாளர்.

"அடிங்க. அதுலயும் எழுதுவோம். மை நிறைய இருக்கு" என்று அண்ணி கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

மற்ற எந்திரங்களில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு ஏறினாள். 'வேலை நேரத்தில் பாடக் கூடாது.' அந்த 'க்'கை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேலே, கிடைத்த இடத்தில், ஆஸ்பத்திரி வார்டு எண் போடுகிற மையால் நெருக்கி நெருக்கி எழுதினாள். இறங்கிவந்து நின்று பார்த்தாள். இப்போது பலகை சொன்னது: 'வேலை நேரத்தில் பாடாமல் இருக்கக் கூடாது.'

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேலாளர் அறை வாசலில் நின்று, "அதை அழிங்க! யாராவது பிளீச் கொண்டுவாங்க!" என்று கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு துணியைப் பிளீச்சில் நனைத்துக்கொண்டுவந்து ஸ்டூலில் ஏறித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புப் பெயிண்ட் கரைந்து அவர் சட்டைக் கையில் வழிந்தது. மை அப்படியே இருந்தது. போகாது என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அண்ணி தன் பக்கம் போய் நின்று விரிப்பின் மூலையை எடுத்தாள். சின்னவள் கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் பக்கம் போய் நின்றாள். அவளால் பிடிக்க முடியாது. மறு மூலை தொட்டியில் தொங்கியது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். நான் போய் எடுத்தேன். ஈரத்தில் அது அத்தனை கனம் கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூலையில் நான் வைத்த குறி என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது.

"பயமா இருக்கா மைக்காரரே?" என்றாள் சின்னவள், என் காதோரம்.

"இருக்கு."

"காதைத் திறந்து வெச்சுக்கங்க, போதும்."

அண்ணி விரிப்பை உதறினாள். ஸ்டூல்மேல் நின்றவரைப் பார்த்தாள். பத்தொன்பது நாளும் அடக்கிவைத்த குரல், கூடம் அதிர வந்தது:

"கண்ணாடி ரூமுலே காத்து வரலியாம்..."

சின்னவள் பிடித்துக்கொண்டாள்:

"கதவைத் திறக்கச் சொல்லுங்கடி!"

உருளையின் அனல் முகத்தில் அடித்தது. "எடு" என்றாள் அண்ணி. எடுத்தேன். "கொடு" என்றாள் சின்னவள். விளிம்பைக் கொடுத்தேன், துணி என் விரலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. வெளியே வேனின் இஞ்சின் நின்றது. ஓட்டுநர் அணைத்துவிட்டு இறங்கி வாசலில் வந்து நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அந்த அமைதியில் அண்ணி, சின்னவள், ஐந்து எந்திரத்துப் பெண்கள், வாசலில் நின்ற அந்தப் பயந்த மனுஷன், எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்:

"விடு!"

விட்டேன்.